ஏலமலையில் நஞ்சைக் கையாளும் கைகள்: வேதிப்பொருள் பாதுகாப்புப் பயிற்சி யாருடைய உரிமை?

2023 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையை நிறுத்தியது. அதில் சேர்க்கப்பட்ட ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வக அறிக்கை கூறியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

வழக்கின் முடிவு எதுவாயினும், அது ஓர் உண்மையை வெளிச்சமிட்டது. ஏலக்காயில் மில்லிகிராம் கணக்கில் தங்கிய நஞ்சை அளப்பதற்கு ஆய்வகமும் அறிக்கையும் நீதிமன்றமும் இருந்தன. ஆனால் ஏலத்தோட்டங்களில் அத்தகைய நஞ்சைப் பீப்பாயில் கலக்குபவர், குழாய் பிடித்துத் தெளிப்பவர், தெளித்த செடியின் அடியில் அமர்ந்து காய் பறிப்பவர் ஆகியோரின் உடலில் எவ்வளவு தங்கியது என்பது அவ்வழக்கின் பொருளாகவே இல்லை. உண்பவரின் பாதுகாப்பு பொதுப் பிரச்சினை ஆனது. உழைப்பவரின் பாதுகாப்பு அவரவர் தலைவிதியாக விடப்பட்டது.

வேதிப்பொருளைக் கையாளுவோருக்கு அளிக்கப்பட வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி என்பது என்ன, அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, அது ஏன் போடிநாயக்கனூர் வட்டாரத்தின் ஏலத் தொழிலாளர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை, அதைப் பெறுவதற்கு என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஆய்வகத்தில் உருவான ஒழுங்கு

வேதியியல் படிக்கும் மாணவர் எவரும் ஆய்வகத்துக்குள் நுழையும் முதல் நாளில் சில விதிகளைக் கேட்டிருப்பர். மேலங்கி அணிய வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். வாயால் பிப்பெட் உறிஞ்சக் கூடாது. பெயர் ஒட்டாத புட்டியைத் தொடக் கூடாது. உள்ளே உண்ணவோ பருகவோ கூடாது. ஆவியாகும் நஞ்சுகளைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே கையாள வேண்டும். இவற்றின் தொகுப்பையே வேதிப்பொருள் சுகாதாரம் என்று தொழில்சார் மருத்துவத் துறை அழைக்கிறது. இங்கே சுகாதாரம் என்பது துப்புரவை மட்டும் குறிப்பதன்று. வேதிப்பொருள் மனித உடலுக்குள் செல்லும் வழிகளான தோல், மூச்சு, வாய், கண் ஆகியவற்றை அடைப்பதையே குறிக்கிறது.

அமெரிக்காவில் 1990-இல் வெளியிடப்பட்ட ஆய்வகத் தரவிதி, ஒவ்வோர் ஆய்வகமும் எழுத்து வடிவில் ஒரு வேதிப்பொருள் சுகாதாரத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும், பணியாளர் வேலையில் சேரும்போதே பயிற்சி தரப்பட வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. விதி இருந்தும் விபத்து நின்றுவிடவில்லை. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் ஒரு வேதிப்பொருளைக் கையாண்ட 23 வயது ஆய்வுப் பணியாளர் தீக்காயமுற்று, 18 நாள்களில் இறந்தார். அவர் பாதுகாப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. அவ்வழக்கில் பல்கலைக்கழகமும் பேராசிரியரும் குற்றவியல் வழக்கை எதிர்கொண்டனர். பயிற்சி தராதது பணியாளரின் கவனக்குறைவு அன்று, பணியமர்த்தியவரின் குற்றம் என்னும் கருத்து அதன்மூலம் உலகக் கல்வி நிலையங்களில் வலுப்பெற்றது.

உணவில் எச்சம் அளக்கும் ஆய்வகமும் இதே ஒழுங்குக்கு உட்பட்டது. அங்கே ஒப்பீட்டுக்காக வாங்கப்படும் பூச்சிக்கொல்லி சில மில்லிகிராம் அளவில் சிறு புட்டியில் வரும். அதனுடன் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் வரும். கையுறை அணிந்த முதுநிலைப் பட்டதாரி அதைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் திறப்பார். அதே வேதிப்பொருள் மலைச்சரிவில் லிட்டர் கணக்கில் திறக்கப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி.

ராசிங்காபுரத்திலிருந்து மலைக்கு

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் வட்டத்தில் மேற்கு மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர்களுள் ராசிங்காபுரமும் ஒன்று. சில்லமரத்துப்பட்டி, சிலமலை, தேவாரம் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் சொந்த நிலமற்ற தலித் குடும்பங்களுக்கும் பிற கூலிக் குடும்பங்களுக்கும் மலைவேலை நெடுநாளைய வாழ்வாதாரம். விடியும் முன்பே ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் மீண்டும் மலையிறங்குவோர் பலர். இம்மலைகளில் விளையும் காய், போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. காயின் விலை நாள்தோறும் பதிவாகிறது. அதைப் பறித்தவர் எதைச் சுவாசித்தார் என்பதற்குப் பதிவேடு இல்லை.

ஏலக்காய்ச் சாகுபடியின் இயல்பே நஞ்சுத் தொடர்பைக் கூட்டுவது. நிழல்மரங்களின் அடியில், ஈரம் மிகுந்த காற்றில் வளரும் செடி அது. இலைப்பேன், தண்டும் காயும் துளைக்கும் புழு, வேரைத் தின்னும் புழு ஆகியவை அதைத் தாக்குகின்றன. இலைப்பேன் தாக்கிய காயின் தோல் சொரசொரப்பாகி விலை குறைந்துவிடும் என்பதால் தெளிப்பு அடிக்கடி நடக்கிறது. நாட்டில் மிகுதியாகப் பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்படும் பயிர்களுள் ஒன்றாக ஏலம் கருதப்படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏலச்செடியில் எல்லாக் காய்களும் ஒருசேர முற்றுவதில்லை. ஒரே தோட்டத்தைப் பல சுற்றுகளாகப் பறிக்க வேண்டும். ஆகவே தெளிப்பும் பறிப்பும் ஒரே பருவத்தில் மாறிமாறி நடக்கின்றன. காய்ச்சரம் செடியின் அடியில் தரையோடு படர்வதால், பறிக்கும் பெண்கள் குனிந்தோ அமர்ந்தோ, நஞ்சு படிந்த இலைகளுக்குக் கீழே நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும். தெளிப்பு வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. எனவே ஆபத்தும் அவர்களுக்கு மட்டுமே என்று கருதுவது பிழை. தெளித்தபின் இத்தனை நேரம் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது என்னும் இடைவெளி கடைப்பிடிக்கப்படாவிட்டால், பறிப்பவரின் கைகளும் ஆடையும் மூச்சும் தெளித்தவருடையதைப் போலவே நஞ்சேறும்.

இவ்வேலையை நாம் அழைக்கும் சொல்லே கவனத்துக்குரியது. தமிழில் பூச்சிக்கொல்லி ‘மருந்து’, தெளிப்பது ‘மருந்தடிப்பு’. பயிருக்கு மருந்தாவது மனிதனுக்கு நஞ்சு என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. பயிற்சியின் முதற்படி, அதை நஞ்சு என்று பெயரிட்டு அழைப்பதே.

உடலில் நடப்பது

நாட்டில் பரவலாகப் பயன்படும் பூச்சிக்கொல்லிகளில் கரிமப் பாஸ்பரஸ் வகை முதன்மையானது. நரம்பு ஒரு செய்தியைத் தசைக்கோ சுரப்பிக்கோ சொல்லி முடித்ததும், அச்செய்தியைச் சுமந்த வேதிப்பொருளைச் சிதைத்து அடக்குவது கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதி. பாஸ்பரஸ் வகை நஞ்சு இந்நொதியை முடக்கிவிடுகிறது. நரம்பின் செய்தி அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்மணி சுருங்கும், எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு வரும், மிகுந்தால் மூச்சு நின்றுபோகும். கார்பமேட் வகையும் இதே நொதியைத் தாக்குவது. ஆனால் அதன் பிடி விரைவில் தளர்ந்துவிடும். இவ்வகை நச்சேற்றத்துக்கு அட்ரோபின் மாற்றுமருந்தாகிறது. பாஸ்பரஸ் வகைக்குப் பிராலிடாக்சிமும் சேர்த்துத் தரப்படுவதுண்டு.

குறைந்த அளவில் மீண்டும் மீண்டும் நஞ்சேறும்போது அறிகுறிகள் இவ்வளவு வெளிப்படையாக இரா. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு என்று அவை தோன்றும். பித்தம் என்றும், மலைக்குளிர் என்றும், வளைவுகளில் ஜீப் ஆடியதால் வந்தது என்றும் அவற்றுக்கு எளிதில் காரணம் சொல்லிவிடலாம். நொதியின் அளவை இரத்தத்தில் அளந்தால் உண்மை தெரியும். ஒருவரின் இயல்பான அளவு என்ன என்பது தெளிப்புப் பருவத்துக்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் குறைவை உறுதியாகச் சொல்ல முடியும். அதனாலேயே வேலைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது.

சட்டம் சொல்வது

1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவும் நஞ்சும் ஒன்றாக ஏற்றிவரப்பட்டதே காரணம். அந்தப் பேரிழப்பைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதன்கீழ் 1971-இல் இயற்றப்பட்ட விதிகளில் தொழிலாளர் தெரிந்திருக்க வேண்டியவை பின்வருவன:

• 19-ஆம் விதி: கொள்கலனின் முகப்புச்சீட்டு இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் விற்கப்படும் பகுதியின் மொழியிலும் அச்சிடப்பட வேண்டும். சாய்சதுரக் குறியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை குறைந்த நச்சுத்தன்மை உடையது.

• 37-ஆம் விதி: தெளிப்பு உள்ளிட்ட வேலைகளில் பூச்சிக்கொல்லியோடு தொடர்பு கொள்வோருக்கு வேலைக்கு முன்பும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை வேண்டும்.

• 38 முதல் 41 வரையிலான விதிகள்: முதலுதவி, பாதுகாப்பு ஆடை, மூச்சுக்கவசம், மாற்றுமருந்து இருப்பு.

• 42-ஆம் விதி: தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் பூச்சிக்கட்டுப்பாட்டு நடத்துநர்களும் பாதுகாப்பு முறைகளையும் கருவிகளைக் கையாளுவதையும் பற்றித் தகுந்த பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

• 44-ஆம் விதி: காலிக் கொள்கலன்களையும் கழுவிய நீரையும் சுற்றுச்சூழலும் நீர்நிலையும் கெடாதவாறு அகற்ற வேண்டும்.

தோட்டத் தொழிலாளருக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பு, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட 18-அ பிரிவில் இருந்தது. பூச்சிக்கொல்லியைக் கலப்பவரும் தெளிப்பவரும் அந்த வேலையின் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் பற்றிப் பயிற்சி பெற்றிருப்பதை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்று அது வரையறுத்தது. தகுதியுள்ள மேற்பார்வையாளர், காலமுறை மருத்துவப் பரிசோதனை, உடல்நலப் பதிவேடு, கழுவவும் குளிக்கவும் வசதி, பாதுகாப்பு ஆடை, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றையும் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு 2020 பிடித்துள்ளது. தோட்டங்களில் பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பு பற்றிய கடமை அத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேளாண்மையிலும் தோட்டங்களிலும் பூச்சிக்கொல்லி தெளிப்போரைத் தன் வரம்புக்குள் சேர்த்திருந்தது. பாஸ்பரஸ் சேர்மங்களால் வரும் நோய்கள் அதன் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக ஏற்கப்பட்டிருந்தன. இச்சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-க்குள் அடங்கிவிட்டது.

உரிமை நழுவும் இடங்கள்

இத்தனை விதிகள் இருந்தும் பயிற்சி ஏன் எட்டுவதில்லை? விடை சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது.

முதலாவது, பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு. ஒருவர் தம் சாகுபடியில் உள்ள நிலத்தில் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது விலக்களிக்கிறது. சிறு உழவரைத் துன்புறுத்தக் கூடாது என்பது இதன் நோக்கமாக இருக்கலாம். ஆனால் நிலம் ஒருவருடையது, தெளிக்கும் கை வேறொருவருடையது என்னும் நிலையில் இவ்விலக்கு முதலாளியின் கேடயமாகிவிடுகிறது.

இரண்டாவது, அளவு வரம்பு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கே பொருந்தியது. புதிய தொகுப்பிலும் 5 ஹெக்டேர் என்னும் வரம்பு தொடர்கிறது. ஏலத்தோட்டங்களுள் சிறியவை ஏராளம். ஒரே தொழிலாளி இந்த வாரம் பெரிய தோட்டத்திலும் அடுத்த வாரம் சிறிய தோட்டத்திலும் தெளிக்கலாம். நஞ்சு ஒன்றே, உரிமை மட்டும் வேலிக்கு வேலி மாறுகிறது.

மூன்றாவது, மாநில எல்லை. வேலை நடப்பது கேரளத்தில். நோய் தெரியவருவது தமிழ்நாட்டில். தோட்டத்தை ஆய்வு செய்யும் அதிகாரி ஒரு மாநிலத்தவர். மருத்துவம் பார்க்கும் மருத்துவர் மற்றொரு மாநிலத்தவர். இரண்டு ஏடுகளும் சந்திப்பதில்லை. கேரளம் 2011-இல் மோனோகுரோட்டோபாஸ், போரேட், கார்போபியூரான், பாராகுவாட் உள்ளிட்ட 14 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அத்தடை தமிழ்நாட்டுக் கடைகளைக் கட்டுப்படுத்தாது.

நான்காவது, தகுதி பற்றிய பார்வை. பூச்சிக்கொல்லியை விற்க உரிமம் பெறுவோருக்கு வேளாண்மையிலோ அறிவியலிலோ கல்வித் தகுதி வேண்டும் என்று விதிகள் அண்மை ஆண்டுகளில் திருத்தப்பட்டன. வணிக முறையில் பூச்சிக்கட்டுப்பாடு செய்வோருக்கும் பட்டமும் பயிற்சிச் சான்றும் வேண்டும். தோட்டத்தில் கூலிக்குத் தெளிப்பவருக்கு எதுவும் வேண்டியதில்லை. மூடிய புட்டியைக் கைமாற்றுபவருக்கு அறிவு தேவை. அதைத் திறந்து கலக்குபவருக்குத் தேவையில்லை என்பதே இதன் பொருள். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். அறிவு மேலடுக்கிலும் நஞ்சு கீழடுக்கிலும் தங்கும் இந்த ஏற்பாடு அவ்வாதத்துக்கு இன்றைய சான்று.

கல்லூரி ஆய்வகமும் விலக்கன்று

இந்த அடுக்கு மலையில் மட்டுமே உள்ளது என்று மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியருக்கும் மாணவருக்கும் விதிகள் சொல்லப்படுகின்றன. அமிலம் படிந்த கண்ணாடிக் கலங்களைக் கழுவுபவர், உடைந்த வெப்பமானியைக் கூட்டி அள்ளுபவர், கழிவுப் புட்டிகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டுபவர் ஆகியோருக்கு எவர் சொல்கிறார்? நாட்டின் துப்புரவுப் பணியில் யார் அமர்த்தப்படுகின்றனர் என்பது இவ்வாசகர்களுக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று. ஒப்பந்த முறையில் அமர்த்தப்படும்போது அவர்கள் ஆய்வகப் பணியாளராகக்கூடக் கணக்கில் வருவதில்லை.

2010-இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத, கோபால்ட்-60 கொண்ட கதிர்வீச்சுக் கருவி ஒன்றைப் பழைய பொருளாக ஏலத்தில் விற்றது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அது உடைக்கப்பட்டது. பலர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். கழிவுப்பொருள் கடைத் தொழிலாளி ஒருவர் ஏப்ரலில் உயிரிழந்தார். கருவியின் தன்மை அறிந்த துறையிலிருந்து அதை அறியாத கைகளுக்கு ஆபத்து இறங்கியது.

நம் பக்கத்து மலையான கொடைக்கானலில், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் 2001 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள 2016 ஆயிற்று. தாம் கையாண்டது எத்தகைய நஞ்சு என்பதைத் தொழிலாளர் வேலையின்போதே அறிந்திருந்தால் அப்போராட்டம் பதினைந்து ஆண்டுகள் நீண்டிருக்க வேண்டியதில்லை.

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்

கையெழுத்து வாங்கிக்கொண்டு துண்டறிக்கை தருவது பயிற்சியாகாது. கீழ்வரும் கூறுகள் இருந்தால்தான் அதை வேதிப்பொருள் பாதுகாப்புப் பயிற்சி எனலாம்.

1. நேரமும் கூலியும்: பயிற்சி வேலைநேரத்தில், முழுக்கூலியுடன் நடக்க வேண்டும். தெளிப்புப் பருவத்துக்கு முன்பும், புதிய நஞ்சு வரும் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும்.

2. மொழி: தமிழில், வாய்மொழியாக, தோட்டத்தில் உண்மையிலேயே பயன்படும் கொள்கலன்களைக் காட்டி நடத்த வேண்டும். எழுத்தறியாதவரும் நிறக்குறியைக் கண்டறியப் பழக வேண்டும்.

3. யாருக்கு: தெளிப்பவருக்கு மட்டுமன்றிக் கலப்பவர், குழாய் இழுப்பவர், காய் பறிக்கும் பெண்கள், கிடங்குக் காவலர், ஜீப் ஓட்டுநர் எல்லோருக்கும் வேண்டும். ஆடையில் படிந்த நஞ்சு வீட்டுக்கு வருவதால் வீட்டாரும் அறிய வேண்டும்.

4. கலக்கும் நேரம்: நீர் சேர்க்காத செறிந்த நஞ்சைத் திறந்து ஊற்றும் நேரமே மிக ஆபத்தானது. வெறுங்கையால் கலக்கக் கூடாது. நைட்ரைல் போன்ற நீர்புகாக் கையுறை வேண்டும். பருத்திக் கையுறையும் முகத்தில் கட்டிய துண்டும் நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைப்பதால் கேட்டைக் கூட்டுகின்றன.

5. கண்கூடான செய்முறை: தெளிப்பானில் நஞ்சுக்கு மாற்றாக மஞ்சள் கரைத்த நீரை நிரப்பி, வெள்ளை ஆடை அணிந்து தெளித்துக் காட்டலாம். தொடையிலும் முதுகிலும் கழுத்திலும் படியும் கறையைப் பார்த்தவருக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் எளிதில் நடத்தக்கூடிய செய்முறை இது.

6. கழுவுதல்: உண்ணும் முன், வெற்றிலை போடும் முன், பீடி பற்றவைக்கும் முன் சோப்பால் கைகழுவ வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிய பின்னரே ஜீப்பில் ஏற வேண்டும். தெளிப்பு உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

7. முதலுதவி: நஞ்சு பட்ட உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கொள்கலனையோ முகப்புச்சீட்டையோ மருத்துவரிடம் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரியாமல் சரியான மாற்றுமருந்தைத் தெரிவு செய்வது கடினம்.

8. காலிக் கொள்கலன்: மும்முறை அலசி, துளையிட்டு, தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படைக்க வேண்டும். குடிநீருக்கோ எண்ணெய்க்கோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

பயிற்றுநர் நஞ்சை விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவராக மட்டும் இருத்தல் தகாது. மைலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், பாம்பாடும்பாறையிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆகிய பொது நிறுவனங்கள் இதே வட்டாரத்தில் உள்ளன. பூச்சியைக் கட்டுப்படுத்தும் அறிவும் மனிதரைக் காக்கும் மருத்துவ அறிவும் ஒரே மேடையில் தொழிலாளரைச் சந்திப்பது இயலாத செயல் அன்று.

பயிற்சியின் பெயரால் பழி

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தோரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பாதுகாப்பு உடை அணியாததே காரணம் என்னும் குரல் அப்போதும் உரக்க எழுந்தது. வெயிலிலும் புழுக்கத்திலும் அணிய முடியாத உடையை, வாங்கித் தராத உடையை, அணியவில்லை என்று இறந்தவரையே குற்றஞ்சாட்டுவது எளிது.

தொழில்சார் பாதுகாப்பு அறிவியல் இப்படிச் சொல்வதில்லை. அதன் வரிசையில் முதலில் வருவது ஆபத்தை அகற்றுதல்; அடுத்தது குறைந்த நஞ்சால் பதிலீடு செய்தல்; மூன்றாவது கருவி அமைப்பால் தடுத்தல்; நான்காவது வேலைமுறையை மாற்றுதலும் பயிற்சியும். கையுறையும் முகக்கவசமும் கடைசியில் வருகின்றன. வசதியற்ற, விலை மிகுந்த, எளிதில் கிடைக்காத பாதுகாப்புக் கவசம் தேவைப்படும் பூச்சிக்கொல்லிகளை, வெப்பநாடுகளின் சிறு உழவரும் கூலித் தொழிலாளரும் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பதே ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் வகுத்த நடத்தை நெறியின் நிலைப்பாடு. கேரளத்தின் காசர்கோட்டில் எண்டோசல்பான் தந்த பாடமும் அதுவே. 2011-இல் உச்சநீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியே தீர்வு தேடியது. கவசம் அணியச் சொல்லி அன்று.

ஆகவே பயிற்சியின் மிக முக்கியமான பகுதி, மறுக்கும் உரிமையைக் கற்பிப்பது. முகப்புச்சீட்டு இல்லாத நஞ்சைக் கலக்க மறுக்கலாம். கையுறை தராத தோட்டத்தில் தெளிக்க மறுக்கலாம். நேற்றுத் தெளித்த பாத்தியில் இன்று பறிக்க மறுக்கலாம் என்று சொல்லித் தராத பயிற்சி பாதிப் பயிற்சியே. மறுத்தவருக்கு மறுநாள் ஜீப்பில் இடம் இல்லாமற் போகும் என்பதால், இவ்வுரிமை தனியாளால் காக்கப்படக் கூடியதன்று. சங்கமாகச் சேர்ந்தே காக்க வேண்டும்.

செய்யக் கூடியவை

செயற்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லிப் பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை, உடல்நலப் பதிவேடுகள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றைக் கேரளத் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். தேனி மாவட்ட வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களிடம் விநியோகஸ்தர்கள் 42-ஆம் விதிப்படி நடத்திய பயிற்சிகளின் விவரத்தைக் கேட்கலாம். நச்சேற்ற நிகழ்வுகளைத் தெரிவிக்குமாறு ஆணையிட, பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதைப் பயன்படுத்தி, போடி, கம்பம் மருத்துவமனைகளுக்கு வரும் தோட்டத் தொழிலாளரின் நச்சேற்றத்தைத் தனியே பதியுமாறு தமிழ்நாடு அரசைக் கோரலாம். அப்பதிவு இடுக்கி நிர்வாகத்துக்கும் அனுப்பப்பட வேண்டும்.

தொழிலாளர்கள் வேலை செய்த தோட்டம், நாள், பயன்படுத்திய நஞ்சின் பெயர், முகப்புச்சீட்டின் படம் ஆகியவற்றைக் கைபேசியில் குறித்துவைப்பது நாளைய இழப்பீட்டு வழக்கின் முதல் சான்றாகும். வேதியியல் மாணவர்கள் அப்படங்களைக் கொண்டு எளிய தமிழில் நஞ்சுக் கையேடு ஒன்றைத் தொகுக்கலாம். தம் கல்லூரி ஆய்வகத்தின் கழிவை அகற்றுபவருக்குப் பயிற்சி தரப்பட்டதா என்னும் கேள்வியையும் உடன் எழுப்பலாம்.

1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமானது. புதிய சட்டம் எந்த வடிவில் வந்தாலும், கூலிக்கு ஆள் வைத்துத் தெளிக்கும் நிலத்துக்கு 38-ஆம் பிரிவின் விலக்கு பொருந்தாது என்று அதில் எழுதப்பட வேண்டும். தெளிப்பவரின் பயிற்சி நிலத்தின் பரப்பளவைச் சாராத உரிமையாக்கப்பட வேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் தலித் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் தொழிற்சங்கங்களின் பட்டியலிலும் ஒருசேர இடம்பெற வேண்டும்.